பணம் வாங்குபவரே கணக்கும் எழுதலாமா?

சிறுதொழில்: வாசகர் கேள்வி பதில்

நிறுவனத்துக்குள் நடக்கும் பண மோசடியைப் பற்றி அண்மையில் பல கடிதங்கள் வந்திருப்பதால், அவற்றில் சிலவற்றை இந்த இதழில் ஒன்றாக எடுத்துக்கொண்டிருக்கிறோம். எழுதியவர்களின் பெயர்களும் நிறுவனங்களின் பெயர்களும் தவிர்க்கப்பட்டுள்ளன.

கேள்வி: பன்னிரண்டு பேர் வேலை செய்யும் நிறுவனம் என்னுடையது. கணக்காளர் தொடக்கத்திலிருந்தே உடன் இருப்பவர். வாடிக்கையாளர்களிடம் பணம் வாங்குவது, வங்கியில் கட்டுவது, பேரேட்டில் பதிவது, மாத முடிவில் வங்கிக் கணக்கோடு ஒப்பிட்டுப் பார்ப்பது ஆகிய எல்லாமே அவர் பொறுப்பு. விடுப்புகூட எடுக்காமல் உழைப்பவர். இந்த ஏற்பாட்டைப் பார்த்த என் மகள், இது ஆபத்து என்கிறாள். இத்தனை ஆண்டுகள் உழைத்தவரை இனிமேல் சோதிப்பது அவரை அவமதிப்பது ஆகாதா?

பதில்: உங்கள் மகள் சொல்வது சரி. அவர் குறை காண்பது கணக்காளரிடம் அன்று, நீங்கள் செய்துவைத்திருக்கும் ஏற்பாட்டில்தான். பணத்தைக் கையில் வாங்குவது, அதைக் கணக்கில் எழுதுவது, எழுதியது சரிதானா என்று பார்ப்பது என்ற மூன்று வேலைகளும் ஒரே கையில் இருக்கும்போது, தவறு நடந்தாலும் அது வெளியே தெரிய வழியில்லை. தவறே நடக்காவிட்டாலும், நடக்கவில்லை என்று நிரூபிக்க அந்த மனிதருக்கும் வழியில்லை. என்றைக்காவது ஒரு தொகை குறைந்தால் முதல் சந்தேகம் அவர் மீதுதான் விழும். அந்த வகையில் பார்த்தால், சோதனையே இல்லாத ஏற்பாடு நேர்மையான ஊழியருக்குத்தான் அதிக அநியாயம் செய்கிறது.

அமெரிக்கக் குற்றவியல் அறிஞர் டொனால்ட் கிரெஸ்ஸி, நம்பி ஒப்படைத்த பணத்தைக் கையாடியதற்காகச் சிறையில் இருந்தவர்களை நேரில் சந்தித்து ஆராய்ந்து, 1953-இல் தம் முடிவுகளை வெளியிட்டார். அவற்றிலிருந்து வளர்ந்ததுதான் இன்று தணிக்கைத் துறையில் மோசடி முக்கோணம் என்று சொல்லப்படுவது: வெளியில் சொல்ல முடியாத பண நெருக்கடி, மறைவாக எடுக்க ஒரு வாய்ப்பு, ‘கடனாகத்தானே எடுக்கிறேன், திருப்பி வைத்துவிடுவேன்’ என்பது போன்ற ஒரு மனச் சமாதானம். இவற்றில் ஊழியரின் வீட்டு நெருக்கடியோ அவர் மனத்துக்குள் ஓடும் சமாதானமோ முதலாளிக்குத் தெரியப்போவதில்லை. உங்கள் கையில் இருப்பது வாய்ப்பு ஒன்றுதான். ஆகவே, ‘இவர் நல்லவரா’ என்ற ஆராய்ச்சியை விட்டுவிட்டு, ‘இந்த வேலையை இப்படி ஒப்படைத்திருப்பதால் என்னவெல்லாம் செய்ய முடியும்’ என்று ஒரு காகிதத்தில் எழுதிப் பாருங்கள்.

விடுப்பே எடுக்காதவர் என்று பெருமையாக எழுதியிருக்கிறீர்கள். அதைப் படித்தபோது அமெரிக்காவின் இல்லினாய்ஸ் மாநிலத்தில் உள்ள டிக்ஸன் என்ற சிறு நகரம் நினைவுக்கு வந்தது. சுமார் 16,000 பேர் வாழும் அந்த ஊரின் நகராட்சியில் நிதிப் பொறுப்பாளராக இருந்த ரீட்டா கிரண்ட்வெல், 1990-இல் நகராட்சியின் கணக்கைப் போலவே தோன்றும் ஒரு வங்கிக் கணக்கைத் தொடங்கி, இருபது ஆண்டுகளுக்கும் மேலாக 5 கோடி டாலருக்கு மேல் அதற்குள் திருப்பிவிட்டார். அந்தப் பணத்தில் உயர்சாதிக் குதிரைகள் வளர்த்தார். ஆண்டுதோறும் தணிக்கை நடந்தது, ஒருவரும் கண்டுபிடிக்கவில்லை. 2011-இல் அவர் நீண்ட விடுப்பில் சென்றிருந்தபோது, அவர் வேலையைப் பார்த்துக்கொண்ட சக ஊழியர், நகராட்சியின் பெயரில் உள்ள எல்லாக் கணக்குகளின் அறிக்கைகளையும் அனுப்புமாறு வங்கியிடம் கேட்டார். வந்த கட்டில், அவர் அதுவரை கேள்விப்பட்டிராத ஒரு கணக்கும் இருந்தது. 2013-இல் கிரண்ட்வெல்லுக்கு 19 ஆண்டு 7 மாதச் சிறைத்தண்டனை விதிக்கப்பட்டது.

உங்கள் கணக்காளர் அப்படிப்பட்டவர் என்று சொல்லவில்லை. ஆனால் வேறு ஒருவர் அவர் நாற்காலியில் இரண்டு வாரம் உட்கார்ந்து அதே வேலையைச் செய்வதற்கு எவ்வளவு பெறுமதி உண்டு என்பதை அந்த நிகழ்ச்சி காட்டுகிறது. எனவே ஆண்டுக்கு ஒருமுறையாவது அவரைத் தொடர் விடுப்பில் அனுப்புங்கள். அந்த நாட்களில் அவருடைய வேலையைத் தேக்கி வைக்காமல் இன்னொருவர் செய்யட்டும். தனியாக ஒரு ஆள் போட வசதியில்லை என்றால் மூன்று வேலைகளில் ஒன்றை, அதாவது சரிபார்க்கும் வேலையை, நீங்களே எடுத்துக்கொள்ளுங்கள். வங்கி அறிக்கை முதலில் உங்கள் கைக்கு வரவேண்டும், உறை பிரிக்கப்படாமல். இணைய வழியில் பார்ப்பதானால் உங்களுக்கென்று தனி உள்நுழைவு வேண்டும். அவர் அச்செடுத்துத் தரும் தாள் போதாது. ‘இனி எல்லோருடைய வேலையையும் நானே ஒருமுறை பார்ப்பதாக இருக்கிறேன்’ என்று பொதுவாக அறிவித்துவிட்டால், அவமதிப்பு என்ற பேச்சுக்கே இடமில்லை.

கேள்வி: வங்கி அறிக்கையைப் பார்க்க வேண்டும் என்று எல்லோரும் சொல்கிறார்கள். நான் கணக்குப் படித்தவள் அல்ல. அதில் எதைத் தேடுவது?

பதில்: கணக்குப் படிப்பு தேவையில்லை. உங்கள் தொழில் உங்களுக்குத் தெரியும், அதுவே இந்த வேலைக்குப் பெரிய தகுதி. பணம் பெற்றவர்களின் பெயர்களை மட்டும் முதலில் வரிசையாகப் படியுங்கள். ‘இவர் யார், இவரிடம் நாம் என்ன வாங்கினோம்’ என்ற கேள்விக்கு உங்களால் பதில் சொல்ல முடியாத ஒவ்வொரு பெயருக்கும் பில்லைக் கேளுங்கள். அடுத்து, ஒரே தொகை இரண்டு முறை போயிருக்கிறதா, உங்கள் ஒப்புதல் தேவைப்படும் வரம்புக்குச் சற்றே கீழாகத் திரும்பத் திரும்பத் தொகைகள் போயிருக்கின்றனவா என்று பாருங்கள். ஐம்பதாயிரத்துக்கு மேல் உங்கள் கையெழுத்து வேண்டும் என்பது விதியானால், 49,500 என்ற தொகை அடிக்கடி தென்படுவது தற்செயலாக இருக்க வாய்ப்புக் குறைவு.

செலவுப் பக்கத்தைப் பார்ப்பவர்கள்கூட வரவுப் பக்கத்தை விட்டுவிடுகிறார்கள். அங்கே பார்க்க வேண்டியது தேதி. வாடிக்கையாளர் பணம் கொடுத்த நாளுக்கும் அது வங்கியில் ஏறிய நாளுக்கும் இடையில் எத்தனை நாள்? பணம் வசூலிப்பவரே பேரேட்டிலும் பதிகிறார் என்றால், அந்த இடைவெளிக்குள் ஒரு பழைய தந்திரத்துக்கு இடமிருக்கிறது. திங்கட்கிழமை முதல் வாடிக்கையாளர் 10,000 ரொக்கம் கட்டுகிறார். அது ஊழியரின் பைக்குள் போகிறது. வியாழக்கிழமை இரண்டாமவர் 12,000 கட்டுகிறார். அதில் 10,000 முதலாமவர் பெயரில் வரவு வைக்கப்படுகிறது, மீதி 2,000 பைக்குள் போகிறது. அடுத்த வாரம் மூன்றாமவர் கட்டும் 15,000-இல் 12,000 இரண்டாமவர் கணக்கில் ஏறுகிறது, 3,000 மறைகிறது. இப்போது போனது மொத்தம் 15,000. ஆனால் பேரேட்டைப் பார்த்தால், முதலாமவரும் இரண்டாமவரும் சில நாள் தாமதமாக முழுப் பாக்கியையும் தீர்த்திருக்கிறார்கள். மூன்றாமவர் இன்னும் கட்டவில்லை, அவ்வளவுதான். எவர் பாக்கியும் சந்தேகம் வரும் அளவுக்கு நீண்ட நாள் நிற்காது, எவராவது ஒருவர் பாக்கி எப்போதும் நின்றுகொண்டே இருக்கும்.

இதை நடத்துபவர் யாருடைய பணத்தை யார் பெயரில் போட்டோம் என்பதைத் தினமும் நினைவில் வைத்திருக்க வேண்டும். அவரால் விடுப்பு எடுக்க முடியாததற்கு அதுவே காரணம். இதைக் கண்டுபிடிக்க இரண்டு வழிகள் போதும். ரசீதுப் புத்தகத்தின் அடிக்கட்டையில் உள்ள பெயர், தேதி, தொகை மூன்றையும் பேரேட்டோடும் வங்கியில் கட்டிய சீட்டோடும் பத்து இனங்களுக்காவது ஒப்பிட்டுப் பாருங்கள். அன்றன்று வாங்கிய பணம் அன்றோ மறுநாளோ அதே தொகையாக வங்கிக்குப் போயிருக்க வேண்டும். பிறகு, சில வாடிக்கையாளர்களுக்கு நீங்களே நேரடியாக எழுதி, ‘எங்கள் கணக்குப்படி இந்தத் தேதியில் உங்கள் பாக்கி இவ்வளவு, சரிதானா’ என்று கேட்டு, பதில் உங்களுக்கே வரும்படி செய்யுங்கள். ‘நான் அப்போதே கட்டிவிட்டேனே’ என்று எவராவது சொன்னால் அதை வசூல் ஊழியரிடமே விசாரிக்கச் சொல்லி ஒப்படைக்காதீர்கள். இப்படிப்பட்ட முறையீடுகளை விசாரிக்கும் பொறுப்பும் அவரிடமே இருப்பதால்தான் பல நிறுவனங்களில் இந்தத் தந்திரம் ஆண்டுக்கணக்கில் ஓடுகிறது.

கேள்வி: எண்களின் முதல் இலக்கத்தை வைத்தே பொய்க் கணக்கைக் கண்டுபிடிக்கும் பென்ஃபோர்ட் விதி என்று ஒன்று இருக்கிறதாமே. அதை நாம் பயன்படுத்தலாமா?

பதில்: விதி உண்மைதான். சைமன் நியூகோம் 1881-இல் கவனித்து, ஃபிராங்க் பென்ஃபோர்ட் 1938-இல் விரிவாக நிறுவியது. இயல்பாக உருவாகும் பல எண் தொகுப்புகளில் 1 என்று தொடங்குபவை சுமார் 30 சதவீதமும், 9 என்று தொடங்குபவை 5 சதவீதத்துக்குக் குறைவாகவும் இருக்கும். கற்பனையாக எண் எழுதுபவர்கள் இதை அறியாமல் எல்லா இலக்கங்களையும் ஏறக்குறைய சமமாகப் போட்டுவிடுவார்கள். ஆனால் இது ஆயிரக்கணக்கான பதிவுகளில் பேசும் விதி. மாதம் அறுபது பில் போடும் நிறுவனத்தில் இதை வைத்து ஒருவரைச் சந்தேகித்தால் பாவம் உங்களுக்குத்தான் சேரும்.

கேள்வி: ரொக்க விற்பனை அதிகம் உள்ள தொழில். கல்லாவில் அவ்வப்போது சிறு தொகை குறைகிறது. மூன்று பேர் மாறி மாறி உட்காருகிறார்கள். யாரைச் சந்தேகிப்பது?

பதில்: மூன்று பேர் ஒரே கல்லாவில் கைவைக்கும் வரை எவரையும் சந்தேகிக்க உங்களுக்கு உரிமை இல்லை. ஒருவர் உட்காரும்போது சில்லறை எண்ணி ஒப்படைக்கப்பட்டு, எழும்போது அவர் முன்னிலையிலேயே எண்ணப்பட்டு, இருவரும் கையெழுத்திட்டால்தான் குறைவு யாருடையது என்று சொல்ல முடியும். இதை நாளைக்கே தொடங்கலாம். ஒரு நோட்டுப் புத்தகம் போதும். பெரும்பாலும் இதைத் தொடங்கியவுடனேயே குறைவு நின்றுவிடும், யார் என்பது கடைசிவரை தெரியாமலே போகலாம். தெரியாமல் போனால் போகட்டும்.

கல்லாவில் குறைவது தெரிகிறது என்றால் விற்பனை பில்லில் ஏறியிருக்கிறது, பணம் மட்டும் குறைகிறது என்று பொருள். கவலைப்பட வேண்டியது அதைவிட, கல்லா எப்போதும் காசு பிசகாமல் சரியாக இருக்கும் நிலை. பில் போடாமலே பணம் வாங்கிக்கொண்டால் கல்லா சரியாகத்தான் இருக்கும். பில் போட்டு, வாடிக்கையாளர் போனபின் அதை ரத்து செய்தாலும் சரியாகத்தான் இருக்கும். பொருள் திரும்பி வந்ததாகப் பதிந்து பணத்தை எடுத்தாலும், கொடுக்காத தள்ளுபடியைக் கொடுத்ததாகப் பதிந்தாலும் அப்படியே. ஆகவே, ரத்தான பில்கள், திரும்பப் பெற்ற பொருட்கள், தள்ளுபடிகள் ஆகிய மூன்றையும் ஊழியர் வாரியாகவும் நேரம் வாரியாகவும் பிரித்துத் தரும்படி உங்கள் பில்லிங் மென்பொருளில் கேளுங்கள். ஒருவர் பெயரில் மட்டும், அதுவும் நீங்கள் இல்லாத மாலை நேரத்தில் மட்டும், ரத்துகள் குவிந்திருந்தால் அங்கிருந்து தொடங்கலாம். ஒரே கடவுச்சொல்லை மூவரும் பயன்படுத்தினால் இந்த விவரத்தால் பயனில்லை. ரத்து செய்யும் அதிகாரத்தை விற்பவரிடமிருந்து எடுத்துவிடுவது இன்னும் நல்லது.

பில்லே போடாத விற்பனையைக் கல்லாவில் தேடிப் பயனில்லை, சரக்கில் தேட வேண்டும். தொடக்க இருப்போடு கொள்முதலைக் கூட்டி, இறுதி இருப்பைக் கழித்தால் எவ்வளவு சரக்கு வெளியேறியது என்பது தெரியும்; அதற்கு உரிய விற்பனைத் தொகை கணக்கில் இருக்கிறதா என்று பாருங்கள். எல்லாச் சரக்கையும் எண்ண வேண்டியதில்லை. வேகமாக விற்கும் ஐந்து பொருட்களை, முன்னறிவிப்பின்றி, இருப்புக்குப் பொறுப்பில்லாத ஒருவரை வைத்து எண்ணுங்கள்.

கேள்வி: பணம் அனுப்பிவிட்டதாகக் கைப்பேசித் திரையைக் காட்டிவிட்டுப் போகிறார்கள். பிறகு பார்த்தால் பணம் வரவில்லை.

பதில்: அவர்கள் திரையில் தெரிவது எதுவும் உங்களுக்குச் சான்று ஆகாது, அப்படி ஒரு படத்தைத் தயாரிக்க ஒரு நிமிடம் போதும். உங்கள் கணக்கில் வந்துவிட்டதாக உங்கள் கருவி சொன்ன பின்பே சரக்கை ஒப்படைக்கும்படி ஊழியர்களுக்குச் சொல்லிவையுங்கள். கூட்ட நேரத்தில் வாடிக்கையாளர் முகம் சுளித்தால் அவர்கள் பணிந்துபோகாதபடி, இது முதலாளியின் விதி என்று எழுதியும் ஒட்டிவிடுங்கள்.

கேள்வி: கொள்முதலை ஓர் ஊழியரிடம் விட்டிருக்கிறேன். ஒரு சப்ளையரிடமே அதிகம் வாங்குகிறார், விலையும் சற்றுக் கூடுதலாகத் தெரிகிறது. எப்படிச் சரிபார்ப்பது?

பதில்: முதலில் அந்த சப்ளையரின் ஓராண்டு பில்களைத் தேதிவாரியாக அடுக்கி, பில் எண்களை மட்டும் பாருங்கள். ஜனவரியில் 41, பிப்ரவரியில் 42, மார்ச்சில் 43 என்று போனால், அந்த நிறுவனத்துக்கு உங்களைத் தவிர வேறு வாடிக்கையாளரே இல்லை என்றாகிறது. அது போலி நிறுவனமாக இருக்கலாம். முகவரியும் வங்கிக் கணக்கு எண்ணும் தொலைபேசி எண்ணும் உங்கள் ஊழியர் எவருடைய விவரத்தோடாவது ஒத்துப்போகின்றனவா என்று சம்பளப் பட்டியலை அருகில் வைத்துப் பாருங்கள். இதே ஒப்பீடு இன்னொரு பயனும் தரும்: வேலையை விட்டுப் போனவர் பெயரிலோ, வேலைக்கே வராத ஒருவர் பெயரிலோ சம்பளம் போகிறதா என்பதும், இரண்டு பெயர்களுக்கு ஒரே வங்கிக் கணக்கு இருக்கிறதா என்பதும் அப்போதே தெரிந்துவிடும்.

சப்ளையர் உண்மையானவர், ஆனால் ஊழியருக்குக் கமிஷன் தருகிறார் என்றால் அது உங்கள் கணக்குப் புத்தகத்தில் எங்கும் இராது. விலையில்தான் தெரியும். அதே தரம், அதே அளவுக்கு வேறு இருவரிடம் நீங்களே விலைப்புள்ளி வாங்குங்கள். விலை கூடுதலாக இருப்பதற்கு நியாயமான காரணமும் இருக்கலாம். கடனுக்குத் தருபவர், அவசரத்துக்கு அனுப்புபவர், குறை சொன்னால் மறுபேச்சில்லாமல் மாற்றித் தருபவர் என்றால் கொஞ்சம் கூடக் கொடுப்பதில் தவறில்லை. அந்தக் காரணத்தை ஊழியர் தயங்காமல் சொல்கிறாரா, வேறு சப்ளையர் பெயரை எடுத்தாலே எரிச்சலடைகிறாரா என்பதைக் கவனியுங்கள். இனிமேலாவது, பொருளைக் கேட்பவர், வந்ததை எண்ணி வாங்குபவர், பில்லுக்குப் பணம் கொடுப்பவர் மூவரும் ஒருவராக இல்லாமல் பார்த்துக்கொள்ளுங்கள்.

கேள்வி: நாங்கள் வழக்கமாகச் சரக்கு வாங்கும் நிறுவனத்திலிருந்து, வங்கிக் கணக்கு மாறிவிட்டது, இனி புதிய எண்ணுக்கு அனுப்புங்கள் என்று மின்னஞ்சல் வந்தது. முகவரி சரியாகத்தான் இருந்தது. அனுப்பலாமா?

பதில்: தொலைபேசியில் பேசும் வரை அனுப்பாதீர்கள். அந்த மின்னஞ்சலில் உள்ள எண்ணை அழைக்கக் கூடாது; உங்களிடம் பழைய பில்லில் உள்ள எண்ணை அழைத்து, உங்களுக்குக் குரல் தெரிந்த ஒருவரிடம் கேட்க வேண்டும். முகவரி சரியாக இருந்ததாக எழுதியிருக்கிறீர்கள். ஓர் எழுத்து மாறியிருந்தாலும் கண்ணுக்குத் தெரியாது. முகவரி உண்மையிலேயே சரியாக இருந்தாலும், அவர்களுடைய அஞ்சல் பெட்டிக்குள் வேறு எவராவது புகுந்திருக்கலாம், அப்போது உங்களோடு நடந்த பழைய கடிதத் தொடர்ச்சியிலேயே இந்தச் செய்தியும் வந்துசேரும்.

சிறியவர்கள்தான் ஏமாறுவார்கள் என்று எண்ண வேண்டாம். லித்துவேனியாவைச் சேர்ந்த எவால்டாஸ் ரிமசௌஸ்காஸ் என்பவர், கூகுளுக்கும் ஃபேஸ்புக்குக்கும் கருவிகள் தயாரித்துத் தந்த குவாண்டா என்ற தைவான் நிறுவனத்தின் பெயரிலேயே லாட்வியாவில் ஒரு நிறுவனத்தைப் பதிவுசெய்து, போலி பில்களும் மின்னஞ்சல்களும் அனுப்பி, 2013 முதல் 2015 வரை 10 கோடி டாலருக்கு மேல் பெற்றுவிட்டார். 2019-இல் அவருக்கு ஐந்தாண்டுச் சிறைத்தண்டனை கிடைத்தது. அந்த நிறுவனங்களில் கணக்கர்களுக்குப் பஞ்சமில்லை. ‘இன்று மாலைக்குள்’, ‘வேறு எவரிடமும் சொல்ல வேண்டாம்’ என்ற சொற்கள் முதலாளியின் பெயரில் வந்தாலும் பணம் அனுப்பும் ஊழியர் நின்று கேட்கலாம், கேட்டதற்காக அவரைக் கடிந்துகொள்ள மாட்டீர்கள் என்பதை முன்கூட்டியே சொல்லிவிடுங்கள். நீங்கள் கோபக்காரர் என்று பெயர் எடுத்திருந்தால், உங்கள் பெயரில் வரும் போலிக் கட்டளையை எவரும் கேள்வி கேட்க மாட்டார்கள்.

கேள்வி: ஓர் ஊழியர் பணம் எடுத்திருப்பது ஏறக்குறைய உறுதியாகிவிட்டது. சக ஊழியர் ஒருவர்தான் தயங்கித் தயங்கிச் சொன்னார். அவரைக் கூப்பிட்டு நேருக்கு நேர் கேட்டுவிடலாமா?

பதில்: இன்றைக்கு வேண்டாம். கேட்ட அடுத்த மணி நேரத்தில் தாள்கள் காணாமல் போகும், கோப்புகள் அழியும். முதலில் பில்கள், ரசீதுகள், வங்கி அறிக்கைகள், மென்பொருளின் பதிவுகள், கண்காணிப்புக் கேமராவின் காட்சிகள் ஆகியவற்றைப் படியெடுத்து அலுவலகத்துக்கு வெளியே வையுங்கள். கேமராப் பதிவுகள் சில வாரங்களில் தாமாக அழிந்துவிடுவதால் அவற்றை முதலில் எடுங்கள். அசல் தாள்களில் எதையும் எழுதவோ அடிக்கோடிடவோ வேண்டாம். எந்த நாளில் எதை எங்கே கண்டீர்கள் என்று ஒரு குறிப்பு எழுதிவாருங்கள். பின்னர் வழக்கறிஞரையும், உங்கள் நிறுவனத்தோடு தொடர்பில்லாத கணக்காய்வாளர் ஒருவரையும் பாருங்கள். ஊழியர் நேர்மையின்மைக்குக் காப்பீடு எடுத்திருந்தால், தெரிந்த நாளிலிருந்து குறிப்பிட்ட காலத்துக்குள் அறிவிக்க வேண்டும் என்ற நிபந்தனை இருக்கக்கூடும். அதைத் தவறவிட்டவர்கள் உண்டு.

வேலைநீக்கம், சம்பளத்தில் பிடித்தம் ஆகியவற்றுக்கான சட்டம் நாட்டுக்கு நாடு மாறும் என்பதால் அவற்றைப் பற்றி இங்கே பொதுவாக எதுவும் சொல்வதற்கில்லை. ஆனால் எங்கும் செய்யக்கூடாத காரியம் ஒன்று உண்டு: அறைக்கதவைச் சாத்திக்கொண்டு, மிரட்டி, வாக்குமூலம் எழுதி வாங்குவது. அதற்குப் பின் குற்றவாளிக் கூண்டில் நீங்கள் நிற்க நேரலாம். பேசும் நாளில் உடன் ஒரு சாட்சி இருக்கட்டும். பேச அழைக்கும் அதே நேரத்தில் அவருடைய வங்கி அனுமதி, கடவுச்சொல், சாவி எல்லாம் நிறுத்தப்படட்டும்.

தகவல் சொன்ன ஊழியரின் பெயர் எந்த நிலையிலும் வெளியே வரக்கூடாது. சான்றுபெற்ற மோசடி ஆய்வாளர்களின் உலகச் சங்கம் 2024-இல் வெளியிட்ட அறிக்கையின்படி, வெளிப்பட்ட மோசடிகளில் 43 சதவீதம் எவரோ ஒருவர் கொடுத்த தகவலால் தெரியவந்தவை. அப்படிச் சொன்னவர்களில் பாதிக்கு மேற்பட்டோர் ஊழியர்கள். தணிக்கையால் பிடிபட்டவை அதைவிட மிகக் குறைவு. தகவல் சொன்ன இவருக்கு என்ன ஆகிறது என்பதை மற்றவர்கள் பார்த்துக்கொண்டிருப்பார்கள்.

குடும்ப மானம், ஊர்ப் பேச்சு என்று நினைத்து, பணத்தை வாங்கிக்கொண்டு நற்சான்றிதழும் கொடுத்து அனுப்பிவிடும் வழக்கம் இருக்கிறது. அந்தச் சான்றிதழை நம்பி அவரை வேலைக்கு எடுக்கப்போகிறவரும் உங்களைப் போன்ற ஒரு சிறு முதலாளிதான். புகார் கொடுப்பதும் கொடுக்காமல் விடுவதும் உங்கள் முடிவு. பொய்ச் சான்றிதழ் மட்டும் எழுதாதீர்கள். அவர் இடத்துக்குப் புதியவரை எடுக்கும் முன், அவர் எந்த ஓட்டை வழியாக எடுத்தாரோ அதை அடைத்துவிடுங்கள். பழைய பொறுப்புகளை அப்படியே ஒரே மூட்டையாகப் புதியவர் தலையில் வைக்க வேண்டாம்.